ஜான் பிரைன்: முதல் பாட்டாக எதைக் கொடுப்பது?

போன வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சான் கேட்டார். "மாப்ள, எப்பப் பாத்தாலும் ஜான் பிரைன், ஜான் பிரைன்ங்கிற. ஒரு பாட்டு அனுப்பு, கேட்டுப் பாக்குறேன். ஒண்ணே ஒண்ணு."

அன்றைக்கு ராத்திரியே 'சாம் ஸ்டோன்' அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிமே இந்த மாதிரி ராத்திரியில அனுப்பாத." அதோடு சரி. ஆறு மாசம் அந்தப் பேச்சே எழவில்லை.

தப்பு என்னுடையது. பிரைனின் சிறந்த பாட்டு எது என்பது ஒரு கேள்வி. புதிதாகக் கேட்கப்போகிறவருக்கு முதலில் எதைக் கொடுப்பது என்பது வேறு கேள்வி. நான் முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கு எழுதிவிட்டேன். அதற்கப்புறம் நாலைந்து பேருக்கு வெவ்வேறு பாட்டுகளைக் கொடுத்துப் பார்த்தேன். அந்த அனுபவத்தில்தான் இந்த ஒப்பீடு.

பிரைன் யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்கப் பாடகர், தன் பாட்டுகளைத் தானே எழுதிப் பாடியவர். 1946-இல் சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அம்மாவின் பூர்வீகம் தெற்கே கென்டக்கி மாநிலம், பிழைப்புக்காக வடக்கே வந்த குடும்பம். பதினான்கு வயதில் அண்ணன் டேவ் கிடார் கற்றுக்கொடுத்தார். ராணுவத்தில் ஆள் எடுத்தபோது வியட்நாமுக்குப் போகாமல் தப்பி, மேற்கு ஜெர்மனியில் ராணுவ வண்டிகளை ரிப்பேர் பார்த்தார். ஊர் திரும்பியதும் தபால்காரர் வேலை. வீடு வீடாகக் கடிதம் போட்டுக்கொண்டே மனசுக்குள் பாட்டுக் கட்டுவாராம். 1970 அக்டோபரில் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு படத்திலிருந்து பாதியில் எழுந்து வந்தார். பாப்கார்னில் உப்பு அதிகமாகி, பீர் குடிக்கலாம் என்று நுழைந்த இடத்தில் இந்த ஆள் பாடிக்கொண்டிருந்தார். படத்தை விட்டுவிட்டு, பாடுகிற தபால்காரரைப் பற்றி சிகாகோ சன்-டைம்ஸில் எழுதினார் ஈபர்ட். 1971-இல் முதல் ஆல்பம், பதின்மூன்று பாட்டுகள். நான் எடை போடப்போகிற பாட்டுகளில் முக்கியமான நான்கும் அந்த ஒரே தட்டில்தான் இருக்கின்றன. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாதவர் பாடியவை என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் 'சாம் ஸ்டோன்'. பிரைன் பாட்டுப் பட்டியல் பலவற்றில் இது மேலே நிற்கும். போரிலிருந்து பதக்கத்தோடும் மார்ஃபின் என்ற வலிமருந்தின் போதைப் பழக்கத்தோடும் திரும்பி வருகிற ஒரு சிப்பாய். கதையை வெளியாள் சொல்கிறார், ஆனால் கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வருகிற பல்லவி, வந்ததும் அந்த வீட்டுக் குழந்தையின் வாய்க்குப் பாட்டு மாறிவிடுகிறது. அப்பா கையில் ஓர் ஓட்டை இருப்பதாகவும் வீட்டுக் காசெல்லாம் அதற்குள் போவதாகவும் அந்தக் குழந்தை புரிந்துவைத்திருக்கிறது. ஊசி என்ற சொல் அதற்குத் தெரியாது, காசு இல்லாதது தெரியும். அடுத்து ஏசு செத்ததே வீண் என்கிற மாதிரி ஒரு வரி. கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் இந்தப் பாட்டை எடுத்துப் பாடியபோது அந்த வரி தொண்டையில் சிக்கியது, மாற்றித்தான் பாடினார். பின்னணியில் சர்ச்சில் கேட்கிற மாதிரி ஓர் ஆர்கன் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிந்தது மெம்ஃபிஸில், எல்விஸ் பிரெஸ்லி 1969-இல் பாடிப் பதிந்த அதே அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவில். பிரைன் அங்கே பயந்துபோய்ப் பாடினாராம். அந்தப் பயம் குரலில் கேட்கும், இந்தப் பாட்டுக்கு அது பொருந்தியும் விட்டது.

இவ்வளவு இருந்தும் முதல் பாட்டாக இது சரிப்படாது. கதை முடிந்துவிடுகிறது, கதவு மூடிவிடுகிறது. கேட்டவருக்கு அடுத்த பாட்டைத் தேடத் தோன்றாது, கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைக்கத்தான் தோன்றும். இன்னொரு சிக்கல், பிரைன் என்றாலே சோகப் பாட்டுக்காரர் என்று ஒரு முத்திரை விழுந்துவிடும். மேடையில் அவர் சிரிக்கவைத்த நேரம் அழவைத்த நேரத்துக்குக் குறைந்ததே இல்லை. சாம் ஸ்டோனை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கொடுங்கள், அதுவும் பகலில்.

'பாரடைஸ்' இதற்கு நேரெதிர். கிடாரில் மூன்றே கார்டு (சேர்த்து மீட்டுகிற சுரக்கூட்டு), மூன்று அடி வால்ட்ஸ் தாளம், இரண்டாவது தடவை கோரஸ் வரும்போது யாரும் கூடச் சேர்ந்து பாடிவிடலாம். கிடார் கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும். இது மட்டும் மெம்ஃபிஸில் பதிந்தது கிடையாது, நியூயார்க்கில் பதிந்தது. அண்ணன் டேவ் பிடில், நண்பர் ஸ்டீவ் குட்மேன் கிடாரும் கூடக் குரலும். அதனாலோ என்னவோ, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிற மாதிரியே இருக்கும்.

கென்டக்கியில் கிரீன் ஆற்றங்கரையில் பாரடைஸ் என்றே ஓர் ஊர் இருந்தது. பிரைனின் அப்பா அம்மா வந்த மண் அது, சின்ன வயதில் அவரும் போய் விளையாடிய இடம். சுற்றியுள்ள நிலத்தை மேலிருந்து சுரண்டி நிலக்கரி எடுத்தார்கள். ஊரையே பீபாடி என்ற நிலக்கரிக் கம்பெனியின் ரயில் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று பாட்டு சொல்கிறது. பாட்டு சொல்லாத ஒன்றும் உண்டு. மிச்சமிருந்த வீடுகளை வாங்கி 1967-இல் இடித்தது டென்னசி வேலி அதாரிட்டி என்ற அரசு நிறுவனம். பக்கத்திலேயே அவர்கள் கட்டிய அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஊர் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டில் இதற்கெல்லாம் இடமில்லை, பழி முழுக்கப் பீபாடிக்குத்தான். அந்தக் கம்பெனிக்குக் கோபம் வந்து, பிரைன் சொல்வதற்கு மறுப்பாக ஒரு துண்டறிக்கையே அச்சடித்தது. இந்த ரிக்கார்டு பதிவாவதற்கான மின்சாரமே எங்கள் நிலக்கரியில் வந்ததாக இருக்கும் என்கிற தொனியில் அதில் ஒரு குத்தலும் இருந்தது. ஒரு நிலக்கரிக் கம்பெனி பாட்டுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

இந்தப் பாட்டை அப்பாவுக்காகத்தான் எழுதினார். டேப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டியபோது, 'பாரடைஸ்' வந்ததும் அப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸிலிருந்து வருகிற மாதிரி நினைத்துக்கொள்ளத்தான் என்றாராம். ஆல்பம் வெளியாகும்போது அவர் உயிரோடு இல்லை.

அப்படியானால் இதையே முதல் பாட்டாகக் கொடுக்கலாமே? நானும் ஒருவருக்குக் கொடுத்தேன். மெட்டு அவருக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் "என்னமோ ஊர்ப் பாட்டு" என்றுதான் எடுத்துக்கொண்டார். நிலக்கரி, ஆறு, இடித்த ஊர் எல்லாவற்றையும் நான் சொன்ன பிறகுதான் பாட்டு அவருக்குள் போனது. பாட்டோடு கூடவே ஆளும் போய் விளக்க வேண்டியிருந்தால் அது முதல் பாட்டு ஆகாது. இரண்டாவது இடம் கண்டிப்பாக இதற்குத்தான்.

'ஏஞ்சல் ஃப்ரம் மாண்ட்கமெரி' விஷயத்தில் எனக்கு நிறைய நாள் குழப்பம். பாட்டு முழுக்க ஒரு பெண் பேசுகிறாள். நடுத்தர வயதுதான், ஆனால் கிழவியாகிவிட்டதாகத் தன்னை நினைக்கிறாள். சமையலறை, ஈ மொய்க்கிற சத்தம். கையில் சோப்போடு பாத்திரம் கழுவுகிறவளாகத்தான் பிரைன் அவளை மனசில் கண்டாராம். காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வருகிற ஒரு மனுஷனுக்குச் சொல்ல ஒரு சேதிகூடவா இருக்காது என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் அந்த வீட்டின் இருபது வருஷம் தெரிந்துவிடும். இதில் வேடிக்கை, பாட்டின் முதல் வரியிலேயே தான் ஒரு வயதான பெண்மணி என்று இருபத்திச் சொச்சம் வயதுப் பையன் பாடுகிறான். குரலை மாற்றவில்லை, நடிக்கவில்லை. அறிமுகம் செய்துகொள்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறான். கேட்கிற நாமும் சரி என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

குழப்பம் எங்கே என்றால், இந்தப் பாட்டைப் பெரும்பாலானோர் அறிந்தது பாடகி பானி ரெய்ட் குரலில். 1974-இல் அவர் பதிந்தார், அப்புறம் வருஷக்கணக்கில் மேடையில் பாடினார், பல தடவை பிரைனோடு சேர்ந்தே. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் வித்தியாசம் தெளிவாகும். ரெய்ட் ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் இழுத்து, ஏங்கி, விடுகிறார். அந்தப் பெண் என்றைக்காவது ஒருநாள் கதவைத் திறந்து கிளம்பிவிடுவாள் என்று கேட்பவருக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. பிரைன் பாடும்போது அவள் எங்கேயும் போகப்போவதில்லை. பாத்திரம் கழுவி முடிந்ததும் அடுப்பைத் துடைப்பாள், அவ்வளவுதான். குரல் வளத்துக்காகப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு ரெய்ட் பாடியதைக் கொடுங்கள், தவறே கிடையாது. ஆனால் பிரைனை அறிமுகப்படுத்தப் போய் இன்னொருவரின் குரலை அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. பிரைனின் 1971 பதிவோ மூக்கால் பாடுகிற பையன் குரல். முதல் தடவை கேட்கிறவர்கள் அந்தக் குரலிலேயே நின்றுவிடுகிறார்கள், பாத்திரம் கழுவுகிற பெண் வரை போவதில்லை.

வேறு சிலவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். 'ஃபார் ஃப்ரம் மீ' தன் பாட்டுகளிலேயே தனக்கு ரொம்பப் பிடித்தது என்று பிரைன் சொல்லியிருக்கிறார். கடை மூடுகிற நேரத்தில் ஒரு காதல் முடிவது. எனக்கும் பிடிக்கும், ஆனால் மெதுவாகத்தான் பிடித்தது. 'லேக் மரீ' பாப் டிலனுக்குப் பிடித்தது. பாதி பேச்சு, பாதி பாட்டு, ஒரு ஏரியைச் சுற்றி மூன்று கதை. பிரைனில் ஊறியவர்களுக்கானது, புதியவர்கள் வழிதவறிப் போவார்கள். சோகமே வேண்டாம் என்பவர்களுக்கு 1999-இல் பாடகி ஐரிஸ் டிமென்ட்டோடு பாடிய 'இன் ஸ்பைட் ஆஃப் அவர்செல்வ்ஸ்' இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி ஒருவரையொருவர் கலாய்த்துக்கொள்கிற பாட்டு, கொஞ்சம் பச்சையாகவும் இருக்கும். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் சத்தமாக வைக்காதீர்கள்.

கடைசிக் காலப் பாட்டுகளில் 2018-இல் வந்த 'சம்மர்ஸ் எண்ட்' பலமான போட்டி. அதற்குள் பிரைனுக்கு இரண்டு தடவை புற்றுநோய் வந்து போயிருந்தது. 1998-இல் கழுத்தில் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. 2013-இல் நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். குரல் தழைந்து, கரகரத்து, சில வரிகளில் காற்று மட்டுமே வரும். வீட்டுக்கு வா, தனியாக இருக்க வேண்டியதில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வதுதான் கோரஸ். பாட்டில் போதைப்பொருள் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் அதற்கு எடுத்த வீடியோ, வலி மாத்திரைப் போதையில் மகளை இழந்த ஒரு வீட்டில் தாத்தாவும் பேத்தியும் நாளை ஓட்டுவதைக் காட்டுகிறது. நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் சாம் ஸ்டோன் வீட்டில் நுழைந்த அதே சனியன். அன்றைக்குக் கையில் ஓட்டை என்று பாடினார், இன்றைக்கு வீட்டுக்கு வா என்று மட்டும் பாடுகிறார். இரண்டையும் தெரிந்தவருக்கு இந்தப் பாட்டு கனக்கும். தெரியாதவருக்கு நல்ல, இதமான ஒரு பாட்டு, அவ்வளவோடு போய்விடும். அதனால் இது பின்னால்.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி கொரோனாவில் பிரைன் நாஷ்வில்லில் இறந்தார், வயது 73. இறந்த பிறகு வெளியான 'ஐ ரிமெம்பர் எவ்ரிதிங்' பாட்டுக்கு இரண்டு கிராமி இசை விருது கிடைத்தது. அதை யாருக்கும் முதலில் கொடுக்க வேண்டாம். பழகாத வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரி ஆகிவிடும்.

மிச்சம் 'ஹலோ இன் தேர்'.

ஒரு கிழவர் பேசுகிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். டேவி என்ற மகன் கொரியப் போரில் செத்தான், எதற்காகச் செத்தான் என்று அவருக்கு இன்னமும் விளங்கவில்லை. மனைவி லொரெட்டா பின்கதவு வலைக்குப் பின்னால் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் பேச அதிகமில்லை. அப்புறம் ரூடி வருகிறான், ஃபாக்டரியில் கூட வேலை பார்த்தவன். ஒருநாள் ரூடிக்குப் போன் பண்ணலாம் என்று நினைக்கிறார். என்ன விசேஷம் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? ஒன்றுமில்லை, உனக்கு என்ன? ஒன்றுமில்லை. அந்தப் போன் பேச்சு இவ்வளவுதான் இருக்கும் என்று மனசுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறார்.

இதை எழுதும்போது பிரைன் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். சின்ன வயதில் நண்பனோடு ஒரு முதியோர் இல்லத்துக்குப் பேப்பர் போடப் போவாராம். அங்கே சிலர், பக்கத்து அறைக்காரர்கள் பார்க்கட்டும் என்று, பேப்பர் போட வந்த பையனைத் தங்கள் பேரன் பார்க்க வந்த மாதிரி வைத்துக்கொண்டு பேசுவார்கள். பாட்டு அங்கிருந்து வந்தது.

புதியவருக்கு இது ஏன் பொருந்துகிறது? முதலாவது, விளக்கம் எதுவும் தேவையில்லை. கொரியப் போர் என்று ஒன்று நடந்தது தெரிந்தால் போதும், தெரியாவிட்டாலும் ஒரு போரில் பையன் போய்விட்டான் என்பது புரியும். இரண்டாவது, ஆங்கிலம் எளிது. பிரைனே எளிமையாக எழுதுகிறவர்தான், அதிலும் இது பள்ளிக்கூட ஆங்கிலம். பாட்டு ஆங்கிலத்தில் என்றதும் பாதி கவனத்தை விட்டுவிடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் கிடையாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். டேவி செத்தது பழைய கதை, பாட்டு ஓடும்போது யாரும் சாவதில்லை, எதுவும் நடப்பதே இல்லை. கேட்டு முடித்த பிறகும் அந்தக் கிழவர் உட்கார்ந்தேதான் இருக்கிறார்.

குறையும் உண்டு. கடைசியில் பாட்டு நம் பக்கம் திரும்பி, தெருவில் வயதானவர்களைப் பார்த்தால் கண்டுகொள்ளாமல் போகாதீர்கள் என்கிறது. முதலில் கேட்டபோது எனக்கு அது உபதேசமாகப் பட்டது. வயதானால் மரத்துக்குப் பலம் கூடும், ஆற்றுக்கு மூர்க்கம் கூடும், மனுஷனுக்குத் தனிமைதான் கூடும் என்கிற கோரஸும் சிலருக்குக் கொஞ்சம் அதிகம். ரூடிக்கு நடக்காத அந்தப் போன் பேச்சுக்காக நான் இரண்டையும் மன்னித்துவிட்டேன்.

அடுத்து, எந்தப் பதிவு? பெரும்பாலான ரசிகர்கள் 1971 பதிவைத்தான் சொல்வார்கள். நான் மாறுபடுகிறேன். கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பழைய பாட்டுகளைப் புதிய குரலில் மறுபடி பதிந்து 'சூவனீர்ஸ்' என்ற ஆல்பத்தை 2000-இல் வெளியிட்டார். ஸ்ருதியை இறக்கி, நிதானமாக, உடன் வாத்தியம் அடக்கமாக. குரல் மாறியதைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை, பழைய குரலைவிட இதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்றே சொன்னார். 'சாம் ஸ்டோன்' இதிலும் இருக்கிறது, ஆனால் அந்த ஆர்கனுக்காக அதற்கு 1971 பதிவுதான் சரி. 'ஹலோ இன் தேர்' அப்படியில்லை. புதியவர் இந்தக் கிழவரைக் கிழவர் குரலிலேயே கேட்கட்டும். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். அது பிடித்துப்போனால் மறுநாள் 1971 பதிவை அனுப்பி, இதைப் பாடும்போது இந்த ஆளுக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை என்று சொல்லுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது. வரிசையைத் திருப்பினால் இந்த வேடிக்கை கிடைக்காது, மூக்குக் குரல் பையன் பெரிய மனுஷன் வேஷம் போடுகிறான் என்பதோடு நின்றுவிடும்.

போன மாசம் மச்சானுக்கு அந்த 2000-ஆம் வருஷப் பதிவை அனுப்பினேன். காலை பதினோரு மணிக்கு, முன்னெச்சரிக்கையாக. சாயங்காலம் அவரே போன் பண்ணினார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, மழை உண்டா என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. வைக்கிறேன் என்று சொன்னவர், வைக்காமல் இழுத்தார்.

"மாப்ள, அந்த ரூடிக்கு இவரு கடைசியில போன் பண்ணாரா, இல்லையா?"